கொக்கு செட்டின் மூத்தவர்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அரங்கநாதன் விசில் ஊதிவிட்டால் வண்டி கிளம்பியே ஆக வேண்டும். டிரைவர் டீயைப் பாதிதான் குடித்திருப்பார். யாரோ ஒரு அம்மாள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையின் ஒரு முனையைப் படிக்கட்டில் ஏற்றியிருப்பாள், மறுமுனை இன்னும் தரையில் இருக்கும். டைம் கீப்பர் அரங்கநாதனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. மணிக்கட்டைப் பார்ப்பார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போனால் ஊதுவார்.

"ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதாண்ணே?" என்று யாராவது கெஞ்சினால், "அந்த நிமிஷத்த மயிலத்துல நிக்கிறவன் கிட்டேந்து புடுங்கி ஒனக்குக் குடுக்கணுமா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்குள் பஸ் போய்விடும்.

இப்படிப்பட்ட மனிதர், உலகத்திலேயே மிக மெதுவாகப் பாடிய ஒருவரிடம் மனதைப் பறிகொடுத்தார். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நாளெல்லாம் லட்டு பிடிக்கிறவர் வீட்டுக்குப் போய் ஊறுகாய் கேட்பதில்லையா?

பேருந்து நிலையத்துக்கு எதிரே மொய்தீன் பிச்சையின் ரெக்கார்டிங் கடை. காலி கேசட்டும் வேண்டிய பாட்டுகளின் பெயர்களும் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பதிந்து தருவார். ஊர் புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பம். அவருடைய மைத்துனர் மீரா சாகிப் ஷார்ஜாவில் வேலையில் இருந்தார். 1982இல் மைத்துனரிடம் காலி கேசட் கேட்டு எழுதினார் மொய்தீன் பிச்சை. வந்தது காலி இல்லை. அறையில் தங்கியிருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன கேசட். 'உள்ளே இங்கிலீஷ் பாட்டு இருக்கிறது, அழித்துக்கொள்ளவும்' என்று மீரா சாகிப் சொல்லி அனுப்பியிருந்தார்.

அழிப்பதற்கு முன்னால் டேப் நல்ல டேப்தானா என்று பார்க்க மொய்தீன் பிச்சை அதை ஓடவிட்டார். மத்தியானம். சென்னை வண்டி போய்விட்டது, செஞ்சி வண்டி வரவில்லை. இரண்டுக்கும் நடுவே பேருந்து நிலையத்தில் ஓர் அமைதி விழும். புழுதி கீழே இறங்கும், காக்கை கூட யோசித்துத்தான் கத்தும். அந்த நேரத்தில் எதிர்க்கடையிலிருந்து ஒரு கிட்டார் வந்தது. ஓட்டு வீட்டில் மழை நின்ற பிறகு சொட்டுகிற மாதிரி, ஒவ்வொரு சொட்டாக. அரங்கநாதன் சாலையைக் கடந்து போனார்.

"இன்னா பாய் இது?"

"தெரியல. அழிக்கப் போறேன்."

"அழிக்காத. அழிச்சின்னா ஒன் கடைப் பக்கம் தலைவெச்சிப் படுக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் படுத்துக்கினா கீறீங்க?" என்றார் மொய்தீன் பிச்சை. ஆனால் அழிக்கவில்லை.

அட்டையில் 'காப்பர் ஹெரான்ஸ்' என்று இருந்தது. அப்படியென்றால் என்னவென்று இருவருக்கும் தெரியாது. ஆனால் எழுத்துக்குக் கீழே தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றது எதுவென்று திண்டிவனத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேள செட்டு, நாடக செட்டு என்பதுபோல இது 'கொக்கு செட்டு' ஆயிற்று. அது கொக்கு இல்லை, நாரை என்று பிற்பாடு விழுப்புரத்திலிருந்து ஒரு திருத்தம் வந்தது. பெயர் வைத்து, காது குத்தி, சோறூட்டிய பிறகு வரும் திருத்தம் எடுபடுமா?

திருத்தம் சொன்னவர் அந்தோணிசாமி. விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். கடைக்கு வேறு எதற்கோ வந்து, கொக்கு செட்டைக் கேட்டு, அங்கேயே நின்றுவிட்டவர். மூட்டைகள் ஊர்ப்பட்ட நாள் தாமதமாகப் போய்ச்சேரும் ஓர் இடத்தில் வேலை பார்த்தும், அவருக்குப் பாட்டு மட்டும் வேகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாரம் அவர் திண்டிவனம் வருவார், மறுவாரம் அரங்கநாதன் விழுப்புரம் போவார். உலகத்தில் கொக்கு செட்டுக்கு வேறு ரசிகர்கள் இருந்திருக்கலாம். இவர்கள் அதைப் பற்றி அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் கேசட்டில் பாடியவர் இளைஞர். குரல் மெல்லியது, துடிப்பானது. அடுத்த ஆண்டு மீரா சாகிப் அதே அறையிலிருந்து இரண்டாவது கேசட்டைக் கொண்டுவந்தார். அட்டையில் கொக்கு சிவப்பு நிறம், அதனால் அது 'சிவப்புக் கொக்கு'. மொய்தீன் பிச்சை இருவருக்கும் ஆளுக்கொன்று பதிந்து கொடுத்துவிட்டு மூலத்தைப் பெட்டியில் போட்டார். தாம் விற்பதைத் தாமே கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அந்த இரண்டாவது கேசட்டில் பாடியவர் வேறொருவர்.

ஐம்பது வயதுக்குக் குறையாது என்று அரங்கநாதன் முதல் பாட்டிலேயே முடிவுகட்டினார். கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்து பாடுகிற குரல். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, துடைத்து, வெயிலில் காட்டி, பிறகுதான் அடுத்ததை எடுக்கும். பின்னால் தாளம் ஏரிக்கு அந்தக் கரையில் யாரோ துணி துவைப்பது போலக் கேட்கும். கை இறங்குவது ஒரு நேரம், சத்தம் வருவது ஒரு நேரம். பி.யூ.சி. வரை படித்த அரங்கநாதனுக்கு இளையவர் பாடுவதில் ஒரு வார்த்தை பிடிபட்டதில்லை. இவர் பாடியதில் 'ரிவர்', 'மதர்', 'டுமாரோ' எல்லாம் தனித்தனியாக வந்து வணக்கம் சொல்லின.

"நம்ம மேல மரியாத வெச்சிப் பாடுறாரு" என்றார்.

மனைவி சின்னபொண்ணு கேப்பைக் களி கிண்டிக்கொண்டே கேட்டாள். "இவுரு யாரு புதுசா?"

"தெரியல. சின்னவன் கோச்சிக்கினு போயிட்டான் போல."

"அப்ப இவுரு தாய்மாமனாத்தான் இருக்கணும். பையன் கோச்சிக்கினு பூட்டா கடைய யாரு பாத்துக்குவாங்க? பாவம், சளி வேற புடிச்சிருக்குது. யாராச்சும் ரெண்டு மொளகு குடுக்கக் கூடாதா?"

இவ்வாறு இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இயங்கிய ஒரு குழுவின் குடும்ப வரலாறு திண்டிவனத்தில் எழுதி முடிக்கப்பட்டது. முதலாமவர் இளையவர், அடுத்தவர் மூத்தவர். மறு ஆண்டு வந்த மூன்றாவது கேசட்டில் இளையவரே மறுபடி பாடினார். சமாதானம் ஆகிவிட்டது, மருமகன் திரும்பியதும் மாமன் ஒதுங்கிக்கொண்டார். இதைவிடத் தெளிவான சரித்திரம் பள்ளிப் புத்தகத்தில் கூடக் கிடையாது.

சரித்திரத்தில் சண்டை இல்லை, தரவரிசையில்தான் சண்டை. மூத்தவர் காலம் முதலிடம், இளையவரின் ஆரம்ப காலம் இரண்டு, திரும்பி வந்த காலம் மூன்று என்பது திண்டிவனத்தின் தீர்ப்பு. விழுப்புரம் மூத்தவரைக் கடைசியில் நிறுத்தியது, தன் பங்குக் கேசட்டை அழித்து வேறு பாட்டும் பதிந்துகொண்டது.

"அது பாட்டா? இழுவை" என்பார் அந்தோணிசாமி. "நான் ஒரு கூட்ஸ் வண்டிய அனுப்பிட்டு வந்து ஒக்காந்தாலும் அவரு அதே வார்த்தையில இருக்காரு."

"ஒனுக்கு மூட்டைய தூக்கி வீசியே பழக்கம். நிதானம் எப்படிப் புரியும் சாரு?"

"நிதானத்த பத்தி யாரு பேசுறது! ஏறுறவன் கால் உள்ள வரதுக்குள்ள விசில் அடிக்கிற ஆளு!"

மொய்தீன் பிச்சை நடுவில் நுழைய மாட்டார். ரசிகர்கள் சண்டை போடும் வரை கேசட் விற்கும் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே இசைக் கோட்பாடு.

அரங்கநாதனின் வீடு மயிலம் போகும் சாலையில், ஏரிக்கரை ஓரம். காலை முறை முடிந்து வந்தால் மத்தியானம் முழுக்க அவருடையது. டேப் ரெக்கார்டரைச் சன்னலில் வைத்துவிட்டுப் பாயில் சாய்வார். ஏரியில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் கொக்குகள் வரும். அவை ஒரு காலைத் தூக்கி, எங்கே வைப்பது என்று நெடுநேரம் யோசித்து, தூக்கிய இடத்திலேயே வைக்கும். மூத்தவர் பாடுவார். கொக்கைப் பார்த்து அவர் பாடுகிறாரா, பாட்டைக் கேட்டுக் கொக்கு நிற்கிறதா என்று பிரிக்க முடியாது. அந்த நேரத்தில் அரங்கநாதன் கடிகாரத்தைக் கழற்றிச் சின்னபொண்ணிடம் கொடுத்துவிடுவார். அது எங்கோ அடுக்களையில் தன் பாட்டுக்கு ஓடும். மூத்தவருக்கு நரைத்த தாடி, பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார், நின்று பாடமாட்டார், நாற்காலி வேண்டும் என்பதெல்லாம் படிப்படியாகத் தெரியவந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்பது நாகரிகம் இல்லை. அவருக்கும் மூத்தவருக்கும் மூன்று வருடப் பழக்கம்.

1986 மாசியில் டேப் சிக்கிக்கொண்டது. 'டுமாரோ'வின் நடுவில் மூத்தவர் விக்கினார், பிறகு மூச்சு நின்றது. மூடியைத் திறந்தால் கரும்பழுப்பு நாடா உருளையில் சுற்றி, கசங்கி, சில இடங்களில் அறுந்து கிடந்தது. சின்னபொண்ணு பேன் பார்க்கிற பொறுமையோடு உருவி எடுத்தாள், பென்சிலை விட்டுச் சுற்றினாள். பயனில்லை.

"மூலந்தான் பாய் கிட்ட இருக்குதே" என்றாள். "போயி வேற பதிஞ்சிக்கினு வாங்க."

அவரும் போய்ப் பதிந்துகொண்டு வந்தார். அதே பாட்டுகள், அதே வரிசை. பாடியவர் இளையவர்.

மறுநாள் காலை முதல் விசிலுக்கு முன்பே கடை வாசலில் நின்றார். "பாய், மாத்திக் குடுத்துட்டியே."

"இன்னாத்த மாத்துனேன்? செவப்புக் கொக்கு கேட்டீங்க, செவப்புக் கொக்குதான் பதிஞ்சேன்."

"இது சின்னவரு பாடுனது. எனக்கு மூத்தவரு பாடுனது வேணும்."

மொய்தீன் பிச்சை மூல கேசட்டை எடுத்து எதிரிலேயே ஓடவிட்டார். இளையவர் துள்ளிக்கொண்டு பாடினார். 'ரிவர்' வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மொய்தீன் பிச்சை தாடியைத் தடவிக்கொண்டு எதையோ நினைவுக்குக் கொண்டுவந்தார். பிறகு, சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, அந்த வருஷம் மூலத்த ஓடவிடுறதுக்குப் பழைய மிஷின் ஒண்ணு இருந்துச்சில்ல. உள்ள பெல்ட்டு தளர்ந்து போச்சு. வெயிலுக்கு ரப்பரு நீண்டுக்கும், அப்ப பாட்டு மெதுவாத்தான் ஓடும், கொரலும் கட்டையாயிடும். அந்த மாசம் பதிஞ்சது அத்தனையும் அப்படித்தான். மைக் செட்டுக்காரன் ஒருத்தன் கல்யாண வூட்ல மானம் போச்சுன்னு அடிக்க வந்துட்டான். அதுக்கோசரந்தான் புது மிஷினே வாங்கினேன்." கொஞ்சம் தயங்கி, "நீங்க ரெண்டு பேருதான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணிசாமிக்குச் செய்தி போய்ச்சேர்ந்தபோது அவர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மூணு வருஷமா ஒரு பெல்ட்டு கூடவா குடும்பம் நடத்துன? தாய்மாமன்! மொளகு!" சிரிப்பு அடங்கும் முன்பே அவர் முகத்தில் வேறு ஏதோ வந்தது. அந்த மூன்று வருடமும் அவர் மட்டும் யாரோடு சண்டை போட்டார்? மூத்தவர் இல்லையென்றால் அவருக்கு எதிரியும் இல்லை. அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

துக்கம் விசாரிக்க யாரும் வர முடியாத சாவு அது. பிறக்காதவருக்கு யார் என்ன செய்ய முடியும்? அரங்கநாதன் வேலைக்குப் போனார், சாப்பிட்டார், தூங்கினார். மத்தியானங்களில் பாயில் சாய்ந்தார். ஏரியில் கொக்கு நின்றது. அது இப்போது வெறுமே நின்றது. இளையவர் பாடிய அதே பாட்டைப் போட்டுப் பார்த்தார். உறவுக்காரர் வீட்டில் இறந்தவரின் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு பையன் ஓடுவது போல இருந்தது. அணைத்துவிட்டார். கடிகாரத்தைக் கழற்றுவதையும் விட்டுவிட்டார்.

ஒருநாள் புதுச்சேரி வண்டி நேரம் கடந்தும் நின்றது. பயணிகள் ஏறி உட்கார்ந்து, விசிறிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் முருகையன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டு ஓய்ந்து, இறங்கி வந்து டைம் ஆபீஸ் சன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, விசில வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

விசில் வாயில்தான் இருந்தது. ஊதத்தான் மறந்திருந்தார்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது சின்னபொண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. அந்த ஆளு இல்லன்னு சொல்றாங்க, சரி, இல்லன்னே வெச்சிக்குவோம். அவுரு இருந்த மிஷினு இருக்குதில்ல? அது இப்ப எங்க?"

மொய்தீன் பிச்சையைக் கேட்டால், பழைய மிஷின் கோட்டக்குப்பத்தில், வீட்டில் இருந்தது. பெல்ட்டு மாற்றவில்லை. கடைக்கு உதவாத பொருளுக்கு எதற்குச் செலவு? அவர் மனைவி பல்கீஸ் பீவி அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மொய்தீன் பிச்சை புது மிஷினையும் ஒயர்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். பழையதில் ஓடவிட்டுப் புதியதில் பதிந்துவிட்டால் மூத்தவர் திரும்பவும் கேசட்டுக்குள் வந்துவிடுவார், அதுதான் திட்டம். அரங்கநாதன் சிவப்புக் கொக்கு மூலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளியனூர் தாண்டியதும் காற்றில் உப்பு கலந்தது. பஸ் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச்சேர்ந்தது. வேறு நாளாக இருந்தால் டிரைவரைக் கேள்வி கேட்டிருப்பார்.

கோட்டக்குப்பம் நிறுத்தத்தில் அந்தோணிசாமி நின்றுகொண்டிருந்தார். கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரி வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருந்தார்.

"யாரு சொன்னது ஒனுக்கு?"

"பாய்தான் போன் பண்ணாரு. ஜெயிச்சவன் வந்து பாக்கக் கூடாதா?" என்றார். ஜெயித்தவர் முகச் சவரம் கூடச் செய்திருக்கவில்லை.

பல்கீஸ் பீவி மிஷினின் மேல் பூவேலை செய்த துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். வந்தவர்களுக்குத் தேநீரைக் கொடுத்துவிட்டு வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டார்.

"இது ரிப்பேருன்னு இவங்க சொல்லிக்கினே இருக்காங்கண்ணே. எனக்கு ஒண்ணும் தெரியல. ரேடியோவுலதான் எல்லாரும் ரயிலுக்குப் போற மாதிரி பறக்குறாங்க. இதுல நாகூர் பாட்டு போட்டா பாடுறவரு நம்ம வூட்லயே தங்கிட்டுப் போவாரு."

அரங்கநாதன் அவரை நன்றியோடு பார்த்தார். மொய்தீன் பிச்சை ஒயர்களை மாட்டி, கேசட்டைப் போட்டு, பொத்தானை அழுத்தினார்.

கடல் அதிகம் தொலைவில் இல்லை. ஓர் அலை வந்து போகிற நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கிட்டாரின் முதல் சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு எங்கோ தங்கி, தயங்கி, பிறகு வந்தது. மூத்தவர் வாயைத் திறந்தார்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. அவருக்கு வயதாகியிருந்தது.

குரல் இன்னும் ஆழத்துக்குப் போயிருந்தது. முன்பு துடைத்து வெயிலில் காட்டிய சொற்களை இப்போது எடுக்கவே குனிய வேண்டியிருந்தது. 'ரிவர்' என்று தொடங்கியவர், அந்த ஆறு எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்பவர் போல நடுவில் நின்று, பிறகு முடித்தார். ஏரிக்கு அக்கரையில் துணி துவைத்த ஆளும் கையை மெல்லத்தான் தூக்கினார்.

"மூணு வருஷம் ஆச்சில்ல" என்றார் மொய்தீன் பிச்சை, மெல்லிய குரலில். "பெல்ட்டு இன்னும் தளர்ந்திருக்குது. தளர்ந்துகினேதான் இருக்கும்."

முதல் பாட்டு முடிந்தது. அந்தோணிசாமி தேநீர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடை படிந்திருந்தது.

"சரி, பின்னாடி சுத்திட்டு, அதுல பதிய ஆரம்பிக்கட்டுமாண்ணே?" மொய்தீன் பிச்சையின் விரல் புது மிஷினின் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது.

"வேணாம் பாய்."

"வேணாமா? இதுக்குத்தான வந்தோம்?"

அரங்கநாதன் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பதிஞ்சி வெச்சா இன்னிக்கி இருக்குற மாதிரியே இருப்பாரு. அப்படித்தான் போன தடவ வெச்சிருந்தேன். அவரு இங்க தனியா ஒக்காந்து வயசாயிக்கினு இருந்தாரு, எனக்குத் தெரியவே இல்ல. இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துட்டுப் போறேன். தங்கச்சிக்குத் தொந்தரவு இல்லன்னா."

"தொந்தரவு இன்னாண்ணே" என்றார் பல்கீஸ் பீவி. "ஆனா பெல்ட்டு கில்ட்டு மாத்துறேன்னு யாரும் கைவெக்கக் கூடாது."

இது கணவருக்குச் சொன்னது. மொய்தீன் பிச்சை ஒயர்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கேசட் மிஷினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"அந்த ரெண்டாவது பாட்டு இருக்குதில்ல" என்றார் அந்தோணிசாமி திடீரென்று, யாரையும் பார்க்காமல். "அத மட்டும் கேட்டுட்டுப் போலாம். எனக்கு ரயிலுக்கு நேரம் இருக்குது."

ரயிலுக்கு நேரம் இல்லை என்பது டைம் கீப்பருக்குத் தெரியும். அவர் மடியில் இருந்த கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு அரங்கநாதன் மாதத்துக்கு ஒரு தரம் கோட்டக்குப்பம் போய்வந்தார். மல்லாட்டை சீசனில் ஒரு பை அவித்த மல்லாட்டையும் போகும். ஒருமுறை சின்னபொண்ணு மிளகு கொடுத்தனுப்பியதாகச் சொல்வார்கள். பல்கீஸ் பீவி அதை ரசத்தில் போட்டுவிட்டார். பேருந்து நிலையத்தில் விசில் பழையபடி நேரத்துக்கு ஒலித்தது, கெஞ்சியவர்களுக்குப் பழையபடி மரியாதை கிடைக்கவில்லை. தரவரிசைச் சண்டையும் நின்றபாடில்லை. ஒரே மாற்றம், மூத்தவருக்கு ஒரே ஒரு காலம் இருந்தது போய் இப்போது இரண்டு காலம் ஆகிவிட்டது. கோட்டக்குப்பத்துக் காலத்தை எங்கே வைப்பது என்பதில் விழுப்புரம் தன் தீர்ப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அந்தோணிசாமியின் ஜங்ஷன் குவார்ட்டர்ஸில் இளையவர் துள்ளிக்கொண்டிருந்தார். பாட்டு முடியும் வரை காத்திருந்து அந்தோணிசாமி கேட்டார்.

"போன வாரம் போயிருந்தியாமே. எப்படி இருக்காரு?"

"பரவால்ல. மழைக்காலமில்ல, குளுருக்குக் கொஞ்சம் தெளிவாத்தான் பாடுறாரு." அரங்கநாதன் மணிக்கட்டைப் பார்த்து எழுந்தார். திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. செருப்பை மாட்டும்போது சொன்னார். "ஆனா தளர்ந்துட்டாரு சாரு."

"நானும் வர்றேன், அடுத்த தடவ" என்றார் அந்தோணிசாமி.